பரிசோதனைச் சீட்டில் உள்ள உலோகமும் பயிருக்கு எட்டும் உலோகமும்

திராட்சைக்கும் காப்பிக்கும் போர்டோக் கலவை தெளிக்கும் குடியானவர்கள் ஒரு பழைய சோதனையை அறிவார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் சேர்த்துக் கலவையைத் தயாரித்த பின், நன்றாகத் தேய்த்துத் துலக்கிய அரிவாளின் நுனியை அதில் சற்று நேரம் அமிழ்த்தி எடுப்பார்கள். இரும்பின்மேல் செந்நிறமாகச் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே தெளித்தால் இலை கருகும். இரும்பு பளபளப்புக் குறையாமல் வந்தால் கலவை பக்குவமாயிற்று.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. செம்பு படிந்த தொட்டியிலும் படியாத தொட்டியிலும் போட்ட மயில்துத்தம் ஒரே நிறைதான். இரண்டிலும் ஏறக்குறைய கால் கிலோ செம்பு இருக்கிறது. இரண்டையும் ஒரு இரசாயன சாலைக்கு அனுப்பி, அமிலத்தில் முற்றும் கரைத்து அளக்கச் சொன்னால் ஒரே எண்ணைத்தான் எழுதி அனுப்புவார்கள். ஆயினும் ஒன்று இலையைக் கருக்கும், மற்றொன்று இலையைக் காக்கும். முதல் தொட்டியில் செம்பின் ஒரு பகுதி தண்ணீரில் தனித்துத் திரிகின்றது. இரண்டாவதில் அது சுண்ணாம்போடு கட்டுண்டு, மெல்லிய வண்டலாக இலையின்மேல் ஒட்டி, பனியிலும் மழையிலும் சிறிது சிறிதாகக் கசிகின்றது. பூஞ்சணத்தின் வித்துக்களைக் கொல்ல அக்கசிவே போதும்; இலைக்கு ஊறு செய்ய அது போதாது. அரிவாள் நுனி அளப்பது செம்பின் மொத்தத்தை அன்று. தனித்த செம்பையே அளக்கின்றது.

இந்த வித்தியாசத்தை மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருப்பது இக்காலத்தில் மிகவும் அவசியமாகிவிட்டது. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்த சீட்டுக்கள் இப்போது கிராமங்களுக்கு ஏராளமாக வருகின்றன. அவற்றில் செம்பு, துத்தநாகம், காட்மியம், குரோமியம், ஈயம் என்று வரிசையாக எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எண் பெரியதாயிருந்தால் நிலம் நஞ்சு என்றும், சிறியதாயிருந்தால் நிலம் நல்லது என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவின்மேல் நிலம் விற்கப்படுகிறது; நஷ்ட ஈட்டு மனு எழுதப்படுகிறது; நகரத்துக் கழிவு எரு வண்டி வண்டியாக வந்து வயலில் இறங்குகிறது. எண் எந்த முறையில் அளக்கப்பட்டது, மொத்தமா, பயிருக்கு எட்டும் பங்கா என்று கேட்பவர் மிகச் சிலரே.

பத்தாயத்தில் உள்ள நெல் வேறு, இன்று உலையில் ஏறும் அரிசி வேறு. மண்ணில் உள்ள உலோகமும் அப்படியே. அதன் பெரும்பகுதி கற்பொடிக்குள் அடைபட்டிருக்கும்; ஒரு பகுதி களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டியிருக்கும்; ஒரு பகுதி இரும்புத் துருவோடும் சுண்ணாம்போடும் பிணைந்திருக்கும். மண் ஈரத்தில் கரைந்து வேரண்டை வந்து நிற்பது மிகச் சொற்பம். வேர் முதலில் உண்பதும், மண்புழு தோலால் உறிஞ்சுவதும், குளத்து மீனின் செவுளைத் தாக்குவதும் இந்தக் கரைந்த பங்கே. இதைத்தான் விஞ்ஞானிகள் உயிருக்கு எட்டும் பங்கு என்கிறார்கள். அப்பங்கை முன்கூட்டிக் கணிக்கும் வித்தை கடந்த ஐம்பது ஆண்டுகளில் நன்றாக வளர்ந்திருக்கிறது. அதன் சாரத்தை அறிந்துகொள்ளக் குடியானவருக்குக் கணித சாஸ்திரம் வேண்டியதில்லை.

முதலாவதாகப் பார்க்கவேண்டியது மண்ணின் புளிப்பு. பி.எச். என்ற எண் 7 ஆனால் மண் நடுநிலை. குறையக் குறையப் புளிப்பு மிகும். பல நாட்டு மண்களைச் சேர்த்துப் பார்த்து ஆராய்ச்சியாளர் கண்ட கணக்கின்படி, பி.எச். ஓர் எண் இறங்கினால், மற்றவை மாறாதிருக்க, மண் ஈரத்தில் கரைந்துள்ள காட்மியம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. 7 இல் ஒன்று என்றால் 6 இல் மூன்று, 5 இல் ஒன்பது. வெளியிலிருந்து ஒரு குன்றிமணி எடை காட்மியம்கூட வந்து சேராமலே இது நிகழும். மணற்பாங்கான செம்மண்ணில் ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட்டை மட்டும் இட்டு, சுண்ணாம்பும் தொழு உரமும் இடாமல் விட்டவர் நிலத்தைப் புளிக்கச் செய்கிறார். பத்தாயம் அப்படியே இருக்க, அதன் வாயைத் தாமே அகலமாக்கிவிடுகிறார் என்று சொல்லலாம்.

களியும் மக்கும் இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவை. கரிசல் மண்ணில் தீங்கின்றிக் கிடக்கும் அளவு செம்பு, தேரி மணலில் வேரைக் கருக்கவும் மண்புழுவை ஒழிக்கவும் போதுமானதாகும். ஐரோப்பாவில் செம்பு மருந்துகளை நெடுங்காலம் தெளித்துவந்த பழத்தோட்டங்களில் மண்புழு அற்றுப்போய், உதிர்ந்த இலை மக்காமல் பாய்போல் படிந்ததைக் கண்டிருக்கிறார்கள். இன்று ஐரோப்பிய யூனியனில் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ செம்புக்குமேல் தெளிக்கலாகாது என்பது 2018 ஆம் ஆண்டின் விதி. நம் மலைத்தோட்டங்களின் மண் இயல்பிலேயே புளிப்பானது. அங்கே போர்டோக் கலவை தெளிப்போர், ஆண்டுதோறும் எவ்வளவு மயில்துத்தம் செலவாயிற்று என்பதைத் தோட்டக் கணக்கில் தனியே எழுதி வருவது நல்லது. செம்பு மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை.

நெல் சாகுபடி செய்வோர் அறியவேண்டிய பெரும் பாடம் ஜப்பான் தேசத்தில் கிடைத்தது. அங்கே தோயாமா என்ற ஜில்லாவில் ஜின்சு என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் மேற்பகுதியில் காமியோக்கா என்னுமிடத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கும் சுரங்கம் இருந்தது. துத்தநாகத் தாது எங்குண்டோ அங்கே காட்மியமும் உடனிருப்பது இயல்பு. சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து, ஆற்று நீர் வாய்க்கால் வழியே நஞ்சை வயல்களில் பாய்ந்து, வண்டலாகப் படிந்தது. வயலில் நெல் விளைந்தது. அவ்வரிசியை உண்ட குடும்பங்களில், முக்கியமாகப் பல பிள்ளைகள் பெற்று நடுவயது கடந்த பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதுற்று, எலும்பு மெலிந்து, சிறு அசைவிலேயே முறிந்தது. அந்நோய்க்கு ஜனங்கள் இட்ட பெயர் இத்தாய் இத்தாய். வலிக்கிறது, வலிக்கிறது என்பதே அதன் பொருள். காட்மியமே காரணம் என்று ஜப்பான் சர்க்கார் 1968 இல் ஒப்புக்கொண்டது. கெட்ட வயல்களின் மேல்மண்ணை மாற்றி நல்ல மண் பரப்பும் வேலை 2012 இல்தான் முடிவுற்றது.

இங்கே நம்மவர்க்குத் தோன்றும் கேள்வி ஒன்றுண்டு. அவ்வளவு நஞ்சேறிய வயலில் பயிர் எப்படி விளைந்தது? அதுவே காட்மியத்தின் வஞ்சகம். அமெரிக்க மண் நிபுணர் ரூஃபஸ் சேனி என்பவர் 1980 இல் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். செம்பும் துத்தநாகமும் நிக்கலும் மிகுந்தால் முதலில் பயிரே சாகும். உண்பவருக்குத் தீங்கு வருமளவு ஏறுமுன் வயல் காட்டிக்கொடுத்துவிடும். ஈயமும் முவ்விணைக் குரோமியமும் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலுமே தங்கிவிடும். தானியத்துக்கு ஏறுவது அரிது. காட்மியமோ, பயிரில் ஒரு குறியும் காட்டாமல், மனிதனுக்குத் தீங்கான அளவு தானியத்தில் சேரவல்லது. ஆகையால் பச்சைப்பசேலென்று நிற்கும் பயிரைக் காட்டி, மண்ணில் தோஷமில்லை என்று எந்த அதிகாரியும் சான்று எழுதலாகாது.

ஜப்பானியர் 1970 இல் விளைநில மண் மாசுத் தடுப்புச் சட்டம் செய்தார்கள். அதன்கீழ் வகுத்த விதிகள் கூர்ந்து படிக்கத்தக்கவை. காட்மியத்துக்கு மண்ணின் அளவையே அவர்கள் வைக்கவில்லை. அவ்வயலில் விளைந்த அரிசியைச் சோதித்து, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் நிலம் கெட்டது என்றார்கள். இவ்வெல்லை 2010 இல் 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. செம்புக்கு மண்ணைச் சோதித்தார்கள். ஆனால் மொத்தச் செம்பை அன்று, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்துவரும் செம்பை மட்டும். அதன் எல்லை கிலோவுக்கு 125 மில்லிகிராம். ஆர்செனிக் என்னும் பாஷாணத்துக்குச் சற்று வலுவான அமிலத்தில் கரைவது 15 மில்லிகிராம். பயிரைக் கெடுக்கும் உலோகத்தை மண்ணிலும், உண்பவரைக் கெடுக்கும் உலோகத்தைத் தானியத்திலும் தேடினார்கள். அனுபவத்தால் வந்த புத்தி என்றே இதைக் கருதுகிறேன். ஒரே வயலில் மண்ணின் காட்மியம் மாறாதிருக்க, அரிசியின் காட்மியம் ஆண்டுக்காண்டு மாறியதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தார்கள்.

அம்மாறுதலுக்குக் காரணம் தண்ணீர். வயலில் நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போவதில்லை. சில வாரங்களில் மண்ணிலுள்ள கந்தகச் சத்து உருமாறி, சேற்றில் நாம் முகரும் துர்நாற்றத்துக்குரிய சல்பைடு ஆகிறது. அது காட்மியத்தைப் பிடித்துக் கரையாத பொருளாக்கி வைத்துவிடும். நீரை வடித்து வயல் வெடித்தால் காற்று புகும். கட்டுண்ட காட்மியம் அவிழ்ந்து கரையும். மண்ணும் சற்றுப் புளிக்கும். கதிர் வெளிவரும் தருணத்தில் இது நேர்ந்தால் காட்மியம் நேரே மணிக்குப் போகும். ஆகவே, கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் வயலில் தண்ணீர் வற்றவிடாதீர்கள் என்று, காட்மியமேறிய வயல்களின் உழவர்களுக்கு அங்கே போதிக்கிறார்கள். செலவில்லாத வைத்தியம் இது. மடையைத் திறப்பதும் அடைப்பதுமே மருந்து.

ஆனால் இம்மருந்தை எல்லா வயலுக்கும் பொதுவாகச் சொல்லிவிடக்கூடாது. ஆர்செனிக்குக்கு நேர் எதிரான குணம். நீர் நின்று காற்றற்ற மண்ணில் இரும்புத் துரு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் அவிழ்ந்து, நெல் மணற்சத்தாகிய சிலிக்காவை உறிஞ்சும் வழியாகவே உள்ளே நுழைகிறது. வங்காளத்தில் ஆழமற்ற குழாய்க் கிணற்று நீர் பாய்ந்த வயல்களில் தொல்லை இதுதான். அங்கே காயப்போட்டுப் பாய்ச்சுவது அரிசிக்கு நல்லது. ஜின்சு ஆற்றங்கரையில் அதுவே கெடுதி. தண்ணீர்ச் சிக்கனத்துக்காக நம் ஜில்லாக்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் வளர்க்கும் முறை பரவி வருகின்றது. நல்ல முறைதான், சாதாரண மண்ணில் அதனால் பயம் ஒன்றுமில்லை. தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த வயலில் மட்டும், எந்த உலோகம் மண்ணில் உண்டு என்று அறிந்தபின் அதைக் கைக்கொள்ளவேண்டும். காட்மியத்தை வேரே உறிஞ்சாத நெல் வகையையும் ஜப்பானில் 2012 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். மாங்கனீசை உள்ளே இழுக்கும் ஒரு கதவு வழியாகவே காட்மியமும் நுழைகிறது. கொஷிஹிகாரி என்ற பெயர்பெற்ற ரகத்தில் அக்கதவைப் பழுதாக்கி அவ்வகையைப் பெற்றார்கள்.

எட்டும் பங்கு என்ற கருத்து நஞ்சுக்கு மட்டும் உரியதன்று. பஞ்சத்துக்கும் அதுவே அளவுகோல். 1966 இல் இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பிரதேசத்தில் நெல்லுக்கு வந்த கைரா நோய், கிருமியால் வந்ததன்று, துத்தநாகக் குறைவால் வந்தது என்று பந்த்நகரில் நேனே என்ற நிபுணர் காட்டினார். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், களர் மண்ணிலும், சேறடித்து நீர் நிறுத்திய வயலிலும், மொத்தக் கணக்கில் துத்தநாகம் தாராளமாக இருந்தும் பயிர் துருப்பிடித்தாற்போல் பழுத்துக் குன்றும். இதற்காகவே லின்ட்சே, நோர்வெல் என்ற இரு அமெரிக்கர் 1978 இல் டி.டி.பி.ஏ. முறையை வகுத்து வெளியிட்டார்கள். பத்துக் கிராம் மண்ணை இருபது மில்லிலிட்டர் கரைசலில் இரண்டு மணி நேரம் குலுக்கி வடித்து, வந்ததை அளப்பது அம்முறை. வேர் எட்டிப் பிடிக்கக்கூடிய பங்கை அக்கரைசல் சுமாராக எடுத்துக்காட்டுகிறது. நம் மண் பரிசோதனைச் சாலைகளில் நுண்சத்துக்களுக்கு இன்று வழங்குவதும் இதுவே. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்வது இதையொட்டியே. அதைச் சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து தூவுவோர் இன்னும் இருக்கிறார்கள். பாஸ்பேட் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும், காசு வீண். மேற்படி முறை நடுநிலை மண்ணுக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் வகுக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது. ஆர்செனிக்குக்கும் குரோமேட்டுக்கும் அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

இனித் தண்ணீரைப் பற்றிச் சிறிது. ஏரியிலும் குளத்திலும் மீன் வளர்ப்போர், பாசிக்கென்றும் நத்தைக்கென்றும் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து தண்ணீரில் விடுவதுண்டு. ஒரு குளத்தில் தீங்கில்லாத அளவு அடுத்த குளத்தில் மீனை ஒரே இரவில் மிதக்கவிடும். செம்பு மீனின் செவுளில் ஒட்டி, அது தண்ணீரிலிருந்து உப்புச் சத்தை உள்ளிழுப்பதைத் தடுத்துக் கொல்கிறது. கடினமான நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது செவுளில் அதே இடத்துக்குப் போட்டியிட்டுச் செம்பை ஒதுக்கும். காரத்தன்மையும், இலை தழை ஊறிய பழுப்பு நீரிலுள்ள மக்குச் சாறும் செம்பைக் கட்டிவிடும். அமெரிக்க சர்க்காரின் பழைய விதியில் இக்கணக்கு எளிதாக இருந்தது. நீரின் கடினம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆனால் கரைந்த செம்பு சுமார் 7 மைக்ரோகிராம் வரை பொறுக்கலாம். 100 ஆனால் 13. 200 ஆனால் 26. பின்னர் கடினம் ஒன்றே போதாது என்று கண்டு, செவுளையே ஒரு கட்டும் பொருளாக வைத்துக் கணிக்கும் முறையை தி டோரோ முதலியோர் 2001 இல் வெளியிட்டார்கள். 2007 இல் நன்னீர்ச் செம்புக்கு அதுவே அந்நாட்டின் பரிந்துரையாயிற்று. வெப்பம், பி.எச்., கரைந்த அங்ககக் கரி, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், சல்பேட், குளோரைடு, காரத்தன்மை ஆகிய பத்தையும் அளந்து கொடுத்தால், எவ்வளவு செம்பில் மீனும் நீர்த் தெள்ளும் சாகும் என்று அம்முறை சொல்லிவிடும்.

குளத்துக்காரர் பத்தையும் அளக்க இயலாது. அவர் கைக்கு ஏற்ற பழைய கணக்கு ஒன்றிருக்கிறது. நீரின் மொத்தக் காரத்தன்மையை நூறால் வகுத்தால் வருவதே, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்ற எல்லை. காரத்தன்மை 100 ஆனால் 1 மில்லிகிராம். 150 ஆனால் ஒன்றரை. 50 க்குக் கீழிருந்தால் மயில்துத்தத்தைத் தொடவே வேண்டாம். மழை பெய்து புதுநீர் நிரம்பிய குளத்தில் காரத்தன்மை இறங்கியிருக்கும் என்பதைக் கவனிக்கவேண்டும். கோடையில் இட்ட அளவை ஐப்பசியில் இட்டு மீனை இழப்பது இதனாலேயே.

பாலாற்றுப் பிரதேசத்தைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தை முடிக்க இயலாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததும், அதன்மேல் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 இல் தீர்ப்பளித்ததும், மாசு செய்தவரே ஈடு கொடுக்கவேண்டும் என்ற நியாயம் அதில் நிலைபெற்றதும் யாவரும் அறிந்தவை. அப்பக்கத்துக் குடியானவர்கள் சீட்டில் குரோமியம் என்ற எண்ணையே முதலில் தேடுகிறார்கள். குரோமியத்தில் இரு வகையுண்டு. தோல் பதனிட உதவும் முவ்விணைக் குரோமியம் நடுநிலை மண்ணிலும் கார மண்ணிலும் கரையாமல் படிந்துவிடும். வேருக்கு எட்டுவது அற்பம். குரோமேட் என்னும் அறுவிணைக் குரோமியமோ மண்ணில் ஒட்டாது, நீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும், உயிருக்குக் கொடியது. இரண்டையும் சேர்த்து மொத்தக் குரோமியம் என்று எழுதிய சீட்டால் பயன் சிறிதே. அறுவிணைக் குரோமியத்தைத் தனியே அளக்கும்படி எழுதிக் கேட்கவேண்டும். குடிநீரானால் மொத்தக் குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது இந்தியத் தர விதி. தொழு உரமும் மக்கும் அறுவிணையை முவ்விணையாக மாற்ற உதவும். மாங்கனீசு ஆக்சைடு மிகுந்த மண்ணில் சிறிதளவு எதிர்த்திசையிலும் மாறக்கூடும். ஆகையால் முவ்விணைதானே என்று கழிவைத் தாராளமாக ஏற்பதும் தவறு.

ஆயினும் என் அபிப்பிராயத்தைச் சொல்வதானால், தோல் கழிவு பாய்ந்த நிலங்களில் பயிரை முதலில் கொல்வது குரோமியமன்று, உப்பு. தோலை உப்பிட்டுப் பாதுகாப்பதால் அக்கழிவில் உப்பு மலிந்திருக்கிறது. நெல்லுக்கு மண்ணின் மின்கடத்துத் திறன் 3 டெசிசீமனைத் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கும். சீட்டில் அந்த எண்ணைப் பாராமல் குரோமியத்தையே பேசிக்கொண்டிருந்தால், ஜிப்சம் இட்டு நல்ல நீரால் அலசி வடிக்கும் வேலை நடவாமல் காலம் கழிந்துவிடும். உப்பினால் வேறொரு கெடுதியும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணிலிருந்து பிரித்து வேரண்டை கொண்டுவரும். ஆஸ்திரேலியாவில் உப்பு நீர் பாய்ச்சிய உருளைக்கிழங்கில் காட்மியம் ஏறியதன் காரணம் இதுவே என்று கண்டிருக்கிறார்கள்.

நகரத்துக் கம்போஸ்டு உரத்துக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை விதித்துள்ள எல்லைகள், கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, ஈயம் 100, செம்பு 300, துத்தநாகம் 1000 மில்லிகிராம் முதலியவை. இவை மொத்த அளவுகள். எட்டும் பங்குதான் முக்கியமென்றால் இங்கே மொத்தம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். எருவிலுள்ள மக்கு இன்று உலோகத்தைக் கட்டிவைத்திருக்கும்; மக்கு சில ஆண்டுகளில் அழிந்துபோகும்; உலோகம் அழியாது. நிலத்தில் புதிதாகக் கொண்டுவந்து போடுவதை மொத்தத்தால் அளப்பதும், நிலத்தில் ஏற்கெனவே கிடப்பதை எட்டும் பங்கால் அளப்பதுமே முறை. இலவசமாகக் கிடைக்கிறதென்று சாக்கடை வண்டலை வாங்குபவர், அதன் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கி, வண்டிக் கணக்கோடு சேர்த்து வைக்கவேண்டும். அத்தகைய நிலத்தில் கீரை பயிரிடலாகாது. கீரை வகைகள் காட்மியத்தைத் தானியத்தைக் காட்டிலும் மிகுதியாக ஏற்றுக்கொள்ளும். ஈயம் பெரும்பாலும் இலைமேல் படிந்த புழுதியாகவே வயிற்றுக்குள் போகிறது. நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி நீங்கும்.

சந்தேகமுள்ள நிலத்தின் மண்ணை அனுப்பும்போது, மொத்த உலோகத்தோடு பி.எச்., மின்கடத்துத் திறன், அங்ககக் கரி, டி.டி.பி.ஏ. முறையில் எட்டும் அளவு ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும். காட்மியத்தில் சந்தேகமிருந்தால் அறுவடையான நெல்லிலும் ஒரு கிலோ அனுப்பி, அரிசியைச் சோதிக்கச் சொல்லவேண்டும். கதிர் வரும் நாட்களில் வயலில் நீர் நின்றதா, வடிந்ததா என்று கிராம அதிகாரி அதனுடன் ஒரு வரி எழுதியனுப்பினால், எண்ணைப் படிப்பவருக்கு அது பெரிய உதவி. மண் எடுக்கத் துத்தநாகப் பூச்சிட்ட வாளியையோ, பொடி செய்யப் பித்தளை உரலையோ உபயோகிக்கக்கூடாது. பாத்திரத்தின் உலோகம் சீட்டில் வந்து ஏறிவிடும். மூங்கில் அல்லது மரக்கட்டையால் மண்ணைக் கிளறி, ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் உழவின் ஆழம் வரை எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் காகிதத்தின்மேல் உலர்த்தி, அரைக் கிலோவைப் புதுத் துணிப் பையில் கட்டவேண்டும். கழிவு வாய்க்கால் வந்து சேரும் மூலையின் மண்ணை வயலின் மற்ற மண்ணோடு கலக்காமல் தனிப் பையில் இட்டு, வெளிச்சீட்டில் அவ்விடத்தைக் குறித்து அனுப்புக.